விரதமா, அல்சரா, ஈட்டிங் டிஸ்ஆர்டரா? வீட்டில் கவனிக்க வேண்டியதும் போக வேண்டிய இடமும்

திருக்கோஷ்டியூரில் மாசித் தெப்பம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு விருந்தாளிதான். இலை போட்டு உட்கார வைத்துவிட்டால் லேசில் எழுந்திருக்க விட மாட்டார்கள். "ஒரே ஒரு கரண்டி, வச்சுக்குங்க" என்று ஆச்சிமார் நின்று பரிமாறுகிற ஊர். அப்படிப்பட்ட வீட்டிலேயே ஒரு பெண் பிள்ளை மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்க முடியுமா? முடியும். அதுவும் விருந்து நாளில் ரொம்பச் சுலபம். பரிமாறிக்கொண்டே இருக்கிறவளைப் பார்த்து "நீ சாப்பிட்டியா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "கடைசிப் பந்தியில உக்கார்றேன்" என்றால் முடிந்தது.

ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்றதும் இது ஏதோ வெளிநாட்டு மாடல் அழகிகளுக்கு வருவது, நம்ம ஊர்ல ஏது என்றுதான் தோன்றும். நம் ஊரிலும் இருக்கிறது. ஆனால், வேறு பெயரில் இருக்கிறது. அல்சர், கேஸ் ட்ரபிள், கண்ணு பட்டது, விரதம், "அவளுக்கு உடம்பு வாகே அப்படி"... இந்தப் பெயர்களுக்குப் பின்னால் நோய் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஒளிந்திருக்கும்.

என்ன நோய் இது?

சாப்பாடு, எடை, உடம்பின் தோற்றம் பற்றிய எண்ணமே நாள் முழுக்க மனதைப் பிடித்துக்கொண்டு, அதனால் சாப்பிடும் முறை கெட்டு, உடம்பும் கெடுவதுதான் இந்த மனநோய். பிடிவாதமோ திமிரோ கிடையாது. இதில் முக்கியமான வகைகள் நான்கு.

அனோரெக்ஸியா என்பது எடை அபாயகரமாகக் குறைந்த பிறகும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது. 1873-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கல் வைத்த பெயர் இது. மனநோய்களில் அதிகம் உயிர் குடிக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. புலிமியா என்பது கட்டுப்பாடில்லாமல் நிறைய சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் அதை எப்படியாவது வெளியேற்றப் பார்ப்பது. ஜெரால்டு ரஸ்ஸல் என்ற டாக்டர் 1979-ல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார். இளவரசி டயானா தனக்கு இது இருந்ததை 1995 பி.பி.சி. பேட்டியில் சொன்ன பிறகுதான் உலகத்துக்கே இந்த வார்த்தை பழக்கமானது. நம் நாட்டில் நடிகை ரிச்சா சத்தா தன் புலிமியாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மூன்றாவது, பிஞ்ச் ஈட்டிங். வயிறு வலிக்கும் அளவுக்கு, பெரும்பாலும் தனியாக, வேகமாகச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குறுகிப்போவது. வெளியேற்றுவது இதில் இருக்காது. 2013-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்தது. நான்காவது, எடை பயம் எதுவும் இல்லாமலேயே உணவின் மணம், பதம் பிடிக்காமலோ, தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்திலோ ரொம்பச் சில பொருட்களை மட்டும் சாப்பிட்டு உடம்பு இளைப்பது. இது சின்னப் பிள்ளைகளிடம் அதிகம். அம்மாக்கள் 'சேட்டை' என்பார்கள்.

நம் ஊரில் இது வேற முகம்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் முதல் அறிகுறியாக 'நான் குண்டா இருக்கேன்னு சொல்வாங்க' என்று இருக்கும். நம் பிள்ளைகள் பலர் அப்படிச் சொல்வதே இல்லை. டெல்லி எய்ம்ஸ் மனநல மருத்துவர்கள் 1995-ல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவை மறுப்பது, ஓயாத வாந்தி, கடுமையான எடை இழப்பு, மாதவிலக்கு நிற்பது எல்லாம் இருந்தன. ஆனால், 'நான் குண்டு' என்ற எண்ணமோ, வெறித்தனமான உடற்பயிற்சியோ இல்லை.

நம் மாநிலத்திலேயே இன்னொரு சான்று உண்டு. வேலூர் சி.எம்.சி.-யின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2007-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. உண்ணும் கோளாறு கண்டறியப்பட்டவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேருக்கு இருந்தது, மனக் காரணத்தால் வரும் வாந்தி. வேண்டுமென்றே எடுப்பதல்ல, தானாக வருவது. அனோரெக்ஸியா சுமார் 15 சதவிகிதம்தான். அதாவது, நம் பிள்ளைகள் மனசு சரியில்லை என்பதை வயிற்றின் வழியாகச் சொல்கிறார்கள். "சாப்பிட்டா ஒரு மாதிரி வருதும்மா", "வயிறு கட்டின மாதிரியே இருக்கு", "உள்ள எறங்க மாட்டேங்குது". நாமும் எண்டோஸ்கோப்பி எடுத்து, அல்சர் மாத்திரை வாங்கி, அது கேட்கவில்லை என்று அடுத்த டாக்டரைத் தேடுகிறோம்.

வயிற்று டாக்டரிடம் போவது தப்பில்லை, முதலில் போகத்தான் வேண்டும். காசநோய், தைராய்டு, சர்க்கரை, குடல் நோய் இவற்றாலும் பசி குறையும், உடம்பு இளைக்கும். அந்த டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை இளைத்துக்கொண்டே போனால், நான்காவது ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

பாரணை இல்லாத விரதம்

108 திவ்ய தேசங்களில் ஒன்றாக இருக்கிற ஊரில் ஏகாதசி விரதம் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துப் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பழநிப் பாதயாத்திரை என்று வருடம் முழுக்க இந்தப் பக்கம் ஏதாவது ஒரு நோன்பு இருக்கும். விரதம் இருப்பது நோய் கிடையாது. ஆனால், நோய் விரதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும். "இன்னிக்கு விரதம்மா" என்று ஒரு பெண் சொன்னால் கோயில் ஊரில் யாராவது கேள்வி கேட்பார்களா? 'நல்ல பொண்ணு'ங்கிற பேருதான் கிடைக்கும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க பாட்டிமார் வைத்திருக்கும் வழக்கமே போதும். ஏகாதசி என்றால் மறுநாள் துவாதசி காலையில் பாரணை உண்டு. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அதற்கென்றே ஒரு சமையல். பட்டினி இருந்தவருக்குத்தான் முதல் இலை. விரதம் என்றால் தொடக்கம் இருக்கும், முடிவும் இருக்கும். முடிகிற நேரத்தில் பசியோடும் நிறைவோடும் சாப்பிடுவார்கள். நோயில் அந்த முடிவுதான் வராது. பாரணையைத் தள்ளிப்போடுவார்கள், இரண்டு வாயோடு எழுந்துவிடுவார்கள், விரத நாள் வாரத்துக்கு ஒன்று இரண்டாகி மூன்றாகும், வீட்டில் யாரும் இருக்காத விரதமெல்லாம் புதிதாக வரும். தவறிப்போய் எதையாவது சாப்பிட்டுவிட்டால் சாமி குத்தம் என்று வருத்தப்படாமல், தன் மேலேயே ஆத்திரப்படுவார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ரொம்பக் கவனிக்கணும்.

வளரும் பிள்ளைகளும் உடம்பு முடியாதவர்களும் உபவாசம் இருக்க வேண்டியதில்லை என்றுதான் பெரியவர்களே சொல்வார்கள். அதை அப்பத்தா வாயாலேயே சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. டாக்டர் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வீட்டில் என்ன தெரியும்?

எடை மெஷினைவிட சாப்பாட்டு நேரம் அதிகம் காட்டிக்கொடுக்கும். குடும்பத்தோடு உட்காருவதைத் தவிர்ப்பது, "டியூஷன்லயே சாப்பிட்டேன்", "காலேஜ்ல ஃப்ரெண்டு பர்த்டே" என்று தினம் ஒரு காரணம், சோற்றைப் பிசைந்துகொண்டே அரை மணி நேரம் ஓட்டுவது, கை கழுவியதும் நேராகப் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, டிபன் பாக்ஸ் சந்தேகப்படும்படி சுத்தமாகத் திரும்பி வருவது. முறுக்கும் அதிரசமும் போட்டுவைத்த தூக்குவாளி ஒரே ராத்திரியில் காலியாகியிருந்தால், "எந்தக் கழுதை தின்னது?" என்று கத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ராத்திரி தனியாக நடக்கும் சாப்பாடு பிஞ்ச் ஈட்டிங்காகவும் இருக்கலாம்.

உடம்பில் தெரிவது: எப்போதும் குளிர்கிறது என்று வெயில் காலத்திலும் முழுக்கை போடுவது, தலைமுடி கொத்தாகக் கொட்டுவது, கையிலும் முதுகிலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம், எழுந்தால் கண் இருட்டுவது, மலச்சிக்கல், மாதவிலக்கு தள்ளிப்போய் நின்றுவிடுவது. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குக் காதுக்குக் கீழே தாடை ஓரம் வீங்கி முகம் உப்பலாகத் தெரியும், பல் எனாமல் கரையும். சிலருக்கு இதை முதலில் கண்டுபிடிப்பதே பல் டாக்டர்தான். முகம் உப்பலாக இருப்பதைப் பார்த்து "இப்பத்தான் தேறியிருக்கா" என்று நாம் சந்தோஷப்படுவதும் நடக்கும்.

ஒரு விஷயம் பெற்றவர்களை ரொம்பக் குழப்பும். 'சாப்பிட மாட்டேங்குறா, ஆனா நாள் முழுக்க சமையல் வீடியோவா பார்க்குறா. வெள்ளைப் பணியாரம் சுட்டு எல்லாருக்கும் ஊட்டி விடுறா. இவளுக்கா நோய்?' இதற்கு விடை 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டினிச் சோதனையில் இருக்கிறது. ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைகுறைச் சாப்பாடு கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு, கனவு எல்லாமே சாப்பாடாகிவிட்டது. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் அளைந்தார்கள். எரிச்சல், சோகம், யாரோடும் சேராமல் ஒதுங்குவது எல்லாம் வந்தன. எடை குறைக்கும் ஆசை எதுவும் இல்லாத ஆண்கள் அவர்கள். ஆக, உங்கள் மகள் எரிந்து விழுவதும், எல்லாருக்கும் சமைத்துப் போடுவதும் பட்டினி மூளையில் செய்கிற வேலை. குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டர்கள் முதல்கட்டமாகக் கேட்பதற்கு 1999-ல் லண்டனில் உருவான ஐந்து கேள்விகள் உண்டு. வயிறு நிறைந்த அவஸ்தையில் வாந்தி எடுக்கிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போகிறதென்று கவலையா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா, மற்றவர்கள் ஒல்லி என்னும்போது நீங்கள் குண்டென்று நம்புகிறீர்களா, வாழ்க்கையையே சாப்பாட்டு எண்ணம் ஆள்கிறதா. இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் முழுப் பரிசோதனை வேண்டும். ஆனால், 'குண்டு' கேள்விக்கு நம் பிள்ளைகள் 'இல்லை' என்று சொல்லக்கூடும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே, ஒன்று மட்டும் வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

எடை சரியாக இருக்கிறது, ஏன், கூடுதலாகவே இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. புலிமியாவிலும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் பெரும்பாலோர் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருப்பார்கள்.

கல்யாணம், ஜிம், யூடியூப்

பெண் பார்க்க வந்தவர் "உடம்பு மட்டும் கொஞ்சம் கொறைச்சா..." என்று இழுத்த ஒரு வாக்கியம், நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கும் ஆறு மாதம், பிளவுஸ் அளவு. டயட் தொடங்க இவ்வளவு போதும். டயட் இருக்கும் எல்லோருக்கும் நோய் வராது. ஆனால், நோய் வந்தவர்களில் நிறைய பேருக்குத் தொடக்கம் ஒரு டயட்தான். முதல் சில கிலோ குறைந்ததும் ஊரே பாராட்டும், பாருங்க, அங்கேதான் பிடி இறுகுகிறது.

பையன்களை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ஜிம்முக்குப் போகிறான், சோறு வேண்டாம் முட்டை வெள்ளைக்கரு மட்டும் போதும் என்கிறான், ஒரு நாள் வொர்க்அவுட் தவறினால் வீட்டையே ரணகளமாக்குகிறான் என்றால் 'பொறுப்பான பையன்' என்று விட்டுவிடுகிறோம். 2025-ல் கேரளாவில் ஒரு மாணவியும், குமரி மாவட்டத்தில் ஒரு மாணவரும், இணையத்தில் பார்த்த டயட்டை மாதக்கணக்கில் பின்பற்றிய நிலையில் இறந்ததாகச் செய்திகள் வந்தன. மாணவியின் விஷயத்தில் அனோரெக்ஸியா என்றே டாக்டர்கள் சொன்னதாகச் செய்தி. 'ஜூஸ் மட்டும்', 'தண்ணீர் மட்டும்' என்று எந்த வீடியோ சொன்னாலும் அது வளரும் பிள்ளைக்கானது கிடையாது.

எப்படிப் பேசுவது?

சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். பந்தியில், சொந்தக்காரர்கள் முன்னால் பேசவே பேசாதீர்கள். மொட்டைமாடியோ, ஊருணிக் கரையோ, தனியாக. "ஏன் இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்று உடம்பில் தொடங்காமல், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "ஆத்தா, ரெண்டு வாரமா நீ எங்ககூட உக்காந்து சாப்பிடல. நேத்து மயக்கம் வந்து சுவத்தைப் பிடிச்சதை நான் பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு. திட்ட வரல. ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம், நானும் கூட வர்றேன்." இவ்வளவு போதும்.

முதல் பதில் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். கோபப்படவும் செய்யலாம். அன்றைக்கு விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். "சாமி சத்தியமா சாப்பிடு", "நீ சாப்பிடலைன்னா நானும் சாப்பிட மாட்டேன்" என்ற மிரட்டல்கள் வேலைக்கு ஆகாது. குற்ற உணர்ச்சிதான் கூடும். தேறி வரும்போது "இப்பத்தான் நல்லா சதை போட்டிருக்க" என்று யாராவது பாராட்டினால் மறுநாளே தட்டு ஒதுங்கிவிடும். வீட்டுக்கு வருகிற அத்தை, சித்தி எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை வேண்டாமென்று.

இன்னொரு அவசரமான விஷயம். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பை 'தேத்துறேன்' என்று ஒரேயடியாகக் கறிக்குழம்பும் நெய்ச்சோறுமாக நிரப்பக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் இது. ரொம்ப இளைத்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தயமின் என்ற வைட்டமின் கொடுத்து, டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எங்கே போவது?

முதலில் போனிலேயே தொடங்கலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பிள்ளை வர மறுக்கிறாள் என்றால் பெற்றவர்கள் மட்டும் பேசியும் ஆலோசனை கேட்கலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

நேரில் என்றால், திருக்கோஷ்டியூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. (இணையத்தில் தேடும்போது வடக்கே இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறைய பேர் அங்கே போன் போட்டுக் காத்திருப்பார்கள்.) அங்கே எடை, ரத்த அழுத்தம், ரத்த உப்புகள், ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாள், எங்கே வருகிறார் என்று கேளுங்கள். அடுத்தது சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல வெளிநோயாளிகள் பிரிவு. பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை. சிக்கலான நிலை என்றால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு, மனநல டாக்டர்கிட்ட போனது வெளிய தெரிஞ்சா?" என்ற பயம்தான் பல வீடுகளில் வருடக்கணக்கில் தாமதமாக்குகிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது ஆஸ்பத்திரியின் கடமை. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கோயிலுக்குப் போவதும், திருநீறு போடுவதும், மந்திரிப்பதும் உங்கள் விருப்பம். ஆனால், அதற்காக ஆஸ்பத்திரி நாளைத் தள்ளிப்போடாதீர்கள். மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, தண்ணீர்கூட இறங்காமை, வாந்தியில் ரத்தம், சாகப்போவதாகப் பேச்சு... இதில் எது இருந்தாலும் யோசிக்காமல் 108.

முதல் நாள் போகும்போது ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக மாதவிலக்கு எப்போது, ஆறு மாதத்துக்கு முன் எடை எவ்வளவு, ஒரு சாதாரண நாளில் என்ன சாப்பிடுகிறாள், இதுவரை எடுத்த டெஸ்ட், வாங்கிய மாத்திரை. டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேசக் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் அனோரெக்ஸியாவுக்கு நல்ல பலன் தருவது குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவானது. கொஞ்ச காலத்துக்கு என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வார்கள். உடம்பு தேறத் தேற அந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திரும்பும். கூட்டுக் குடும்பத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா "இந்தத் தட்டை முடிச்சுட்டு எந்திரி" என்பார், அப்பத்தா "பிள்ளைய ஏன் படுத்துற, போதும் விடு" என்பார். அதனால் முதல் அமர்வுக்கே அப்பத்தாவையும் கூட்டிப் போய்விடுங்கள். புலிமியா, பிஞ்ச் ஈட்டிங் இரண்டுக்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சைதான் முதன்மை. புலிமியாவுக்கு ஃப்ளூக்ஸெடின் மாத்திரையும் கொடுப்பதுண்டு. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிவிடாதீர்கள்.

ஒரு மாதத்தில் சரியாகாது. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடமும் ஆகும். நடுவில் பரீட்சை, கல்யாணம், ஹாஸ்டல் என்று ஏதாவது வந்தால் பழையபடி திரும்பவும் செய்யும். திருமந்திரத்துக்காக ராமானுஜர் இந்த ஊருக்கே பதினெட்டு முறை நடந்து வந்தார் என்பார்கள். நாம் இரண்டாவது விசிட்டிலேயே "அந்த டாக்டர் சரியில்லை" என்று நிறுத்திவிடுகிறோம். டாக்டர் பிடிக்கவில்லை என்றால் வேறு டாக்டரிடம் மாறலாம், சிகிச்சை மட்டும் நிற்கக் கூடாது.

எடை பார்ப்பது ஆஸ்பத்திரியில் மட்டும் இருக்கட்டும். வீட்டு மெஷினைப் பரணில் போட்டுவிடுங்கள். எடை ஏறுவது ஒரு பாதிதான். மாதவிலக்கு திரும்புவது, குளிர் விடுவது, தோழிகளோடு வெளியே போய் ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் தூங்கப்போவது, இதெல்லாம் மறுபாதி. அடுத்த விசிட்டில் டாக்டரிடம் இவற்றையும் சொல்லுங்கள்.